நாலு தந்தியில புதுப் பாட்டு

கேள்வி: ஆன்லைன் உகுலேலே குரூப் ஒண்ணுல இருக்கேன் சார். போன ஒண்ணு ரெண்டு வருஷத்துல வந்த பாட்டை மட்டும்தான் வாசிச்சு அனுப்பணும்னு இந்த வாரம் சேலஞ்ச். எனக்கு பழைய பாட்டுதான் கைக்கு வரும், புதுசெல்லாம் ஒரே பீட்டும் பேஸுமா இருக்கே, இந்த குட்டி வாத்தியத்துல எப்படி?
- வாசகி, மதுரை

பதில்: தாராளமா வாசிக்கலாம்மா. புதுப் பாட்டு நிறைய நாலே கார்டுலதான் (சேர்ந்து ஒலிக்கற சுரக் கூட்டு) சுத்திச் சுத்தி வரும், சி, ஜி, ஏ மைனர், எஃப் வந்தாலே பாதி வேலை முடிஞ்சுது. ஏ மைனருக்கு ஒரே விரல் போதும், ஜி தந்தியில ரெண்டாவது ஃப்ரெட் (கழுத்துல இருக்கற கட்டம்). அதை எடுக்காம இ தந்தியில முதல் ஃப்ரெட்டையும் அமுக்கினா அதுவே எஃப். பேஸ் வராதுங்கறது உண்மைதான், வழக்கமான டியூனிங்ல ஜி தந்தி மேல்சுருதியில இருக்கும், ஆகக் கீழ்ச்சுருதியில இருக்கறதே சி தந்திதான், அதனால பேஸை விட்டுட்டு பீட்டை மட்டும் புடிச்சுக்கோங்க. ரெண்டாவது, நாலாவது தட்டுல கீழ ஸ்ட்ரம் பண்ணும்போதே உள்ளங்கை ஓரத்தால தந்தியை அமுக்குங்க, "சக்"னு வரும் பாருங்க, அதுதான் உங்க டிரம்! எனக்கு ரொம்பப் புடிச்ச சத்தம் அது. சுருதி உங்க தொண்டைக்கு ரொம்பக் கீழ இருந்தா ஒரு கேப்போ (தந்திகளை மொத்தமா அமுக்கி சுருதியை ஏத்தற கிளிப்) மாட்டிப் பாருங்க. முதல் ரெண்டு நாள் பாடாம கார்டு மாத்தறதை மட்டும் மெதுவா பழகுங்க, அப்புறம் பாட்டோட சேருங்க.