மூன்று பட்டைக்கு என்ன குறைச்சல்?

பையனை எதில் சேர்ப்பது என்று என்னிடம் ஆலோசனை கேட்டு, வியாசர்பாடியிலிருந்து போன வாரம் ஒரு குடும்பம் வந்திருந்தது. பேசியதெல்லாம் பெரியப்பாதான். பையன் பிளஸ் டூ, கணக்கு-பிசிக்ஸ் குரூப், பள்ளியில் என்.சி.சி. அம்மாவின் கையில் ஒரு துணிப்பை. அதில் ஒரு கோச்சிங் சென்டர் நோட்டீஸும் சீட்டுக் கட்டிய பாஸ்புக்கும் இருந்தன.

"ஆர்மிக்குத்தான் போவேன்னு நிக்கிறான் சார். போறதுன்னா ஆபீசரா போகட்டும். சிப்பாயா போய் சல்யூட் அடிக்கவா இவ்ளோ படிக்க வச்சோம்? சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" என்றார் பெரியப்பா. வெளியூரில் தங்கி ஒரு வருடம் என்.டி.ஏ. கோச்சிங் (பிளஸ் டூ முடித்தவர்களை ஆபீசர் பயிற்சிக்கு எடுக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமித் தேர்வு), இரண்டே முக்கால் லட்சம். அது சரிப்படாவிட்டால் டொனேஷன் கட்டி இன்ஜினீயரிங். இதுதான் அவர் போட்ட திட்டம்.

"பார்க்கலாம், பதறாதீங்க" என்று நானும் கொஞ்ச நேரம் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் பையனைப் பார்த்து, கேம்ப்பில் உனக்கு எது பிடித்தது என்று கேட்டேன். துப்பாக்கி என்பான் என்று நினைத்தேன். அவன் சொன்னது வேறு: "என் டென்ட்ல பதினோரு பேர் சார். ஒருத்தனுக்கு ஷூ கடிச்சு கால் வெந்துபோச்சு. எல்லார் ஷூவையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்து, ஒரு ஜோடி செட் பண்ணி, பரேடுக்குப் பதினோரு பேரையும் கொண்டுபோய் நிறுத்திட்டேன்."

அதோடு சமாதானம் பேசுவதை விட்டுவிட்டேன். அம்மா, அந்தப் பணத்தை நோட்டீஸ்காரரிடம் கொடுக்காதீர்கள். என்.டி.ஏ. எழுத ஆசையிருந்தால் வீட்டிலிருந்து படித்து எழுதட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் உங்கள் மகன் சொன்ன வேலைக்கு ராணுவத்தில் ஏற்கெனவே ஒரு பெயர் இருக்கிறது: என்.சி.ஓ. அதாவது ஆபீசருக்குக் கீழே, சிப்பாய்களைக் கூடவே இருந்து நடத்துகிறவர்கள்: லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார். கைச்சட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று பட்டை.

பெரியப்பா ஒன்றில் சரி. ஹவில்தாருக்கு யாரும் சல்யூட் அடிப்பதில்லை. ஆனால் காலாட்படையில் சண்டை போடும் அடிப்படை அலகு செக்‌ஷன், ஏறத்தாழ பத்துப் பேர். அதை நடத்துகிறவர் ஹவில்தாரோ நாயக்கோதான். மூன்று செக்‌ஷன் சேர்ந்தால் பிளட்டூன். மேலேயிருந்து வரும் உத்தரவு எத்தனை பெரியதாக இருந்தாலும், "நீ இந்தப் பாறைக்குப் பின்னால், நீ அந்தத் திருப்பத்தில்" என்று கடைசியில் பிரித்துச் சொல்வது அவர் வாய்தான்.

சண்டை இல்லாத நாளில் வேலை இன்னும் அதிகம். காலையில் தலை எண்ணுவது, துப்பாக்கி துடைத்திருக்கிறதா என்று குழாய்க்குள் பார்ப்பது, இரவுக் காவலுக்கு யார் எந்த நேரம் என்று பிரிப்பது, யாருக்கு லீவு பாக்கி என்று கணக்கு வைப்பது. புதுப்பையனுக்கு டிரில்லும் ஆயுதமும் சொல்லிக்கொடுக்கும் 'உஸ்தாத்' பெரும்பாலும் என்.சி.ஓ.தான். ஆயுதக் கிடங்குச் சாவி, காவல் படையின் பொறுப்பு, கம்பெனி சாமான் கணக்கு எல்லாம் இவர்கள் கையில். கம்பெனியின் ஒழுங்கைப் பார்க்க ஒரு கம்பெனி ஹவில்தார் மேஜர் உண்டு. அவர் முகம் சுளித்தால் நூறு பேர் பெல்ட்டைச் சரிசெய்வார்கள்.

ஆவடிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். "ஆபீசர் ரெண்டு மூணு வருஷத்துல மாறிடுவாரு. பசங்களுக்கு நாங்கதான் நிரந்தரம். ஒருத்தன் ரெண்டு நாளா சரியா சாப்பிடலன்னா, வீட்டுல என்னமோ நடந்திருக்குன்னு முதல்ல எனக்குத்தான் தெரியும்" என்பார். ஆபீசரின் பேச்சைப் பையன்களுக்குப் புரியும்படியும், பையன்களின் மனக்குறையை ஆபீசருக்கு உறைக்கும்படியும் சொல்லத் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்தி தெரியாமல் போனவர்தான் அவர். போய்க் கற்றுக்கொண்டார்.

1965 பாகிஸ்தான் போரில் கேம்கரண் பகுதியில் ஜீப்பில் ஏற்றிய பீரங்கியால் பாட்டன் டாங்குகளை உடைத்து, பரம்வீர் சக்ரா பெற்று மறைந்த அப்துல் ஹமீதின் பதவி என்ன தெரியுமா? கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார். அதாவது ஸ்டோர் கணக்குப் பார்க்கிறவர். 2020-ல் கல்வானில் உயிர்விட்டு வீர் சக்ரா பெற்ற நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பழனியும் ஹவில்தார்தான். சொந்தக்காரர்கள் கேட்டால் இதைச் சொல்லலாம்.

பட்டை சும்மா ஏறாது. வருடக்கணக்குப் போதாது; பதவி உயர்வுக்கான கேடர் பயிற்சியில் தேற வேண்டும், வரைபடம் படிக்கவும் ஆளை நடத்தவும் தெரிய வேண்டும். மேலும் ஏறினால் நாயப் சுபேதார், சுபேதார். ஆபீசர் கனவு விடாவிட்டால், சிப்பாயாகச் சேர்ந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஆபீசராக்கும் ராணுவ கேடட் கல்லூரி டேராடூனில் இருக்கிறது. சம்பளம்? ஏழாவது ஊதியக் குழுப்படி நாயக்குக்கு அடிப்படை 25,500, ஹவில்தாருக்கு 29,200. அதற்கு மேல் ராணுவப் பணி ஊதியம் 5,200, அகவிலைப்படி, மற்றவை.

இனி கசப்பான பகுதி. இதை மறைத்தால் நானும் நோட்டீஸ்காரரும் ஒன்று. 2022-லிருந்து ஜவான் வேலைக்குப் பெரும்பாலும் அக்னிவீர் வழியாகத்தான் நுழைய முடியும். நான்கு வருடம். முதல் வருடம் மாதம் 30,000, நான்காம் வருடம் 40,000. இதில் 30 சதவீதம் நிதிக்குப் பிடித்துவிடுவார்கள். அரசும் அதே அளவு போட்டு, முடிவில் வட்டியோடு சுமார் 11.71 லட்சம் தருகிறார்கள். பென்ஷன் இல்லை. நூறு பேரில் அதிகபட்சம் 25 பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் ஹவில்தார் பேச்செல்லாம். நாலில் மூன்று பேர் 22, 23 வயதில் வீட்டுக்கு வந்து நிற்பார்கள். உங்கள் பையன் அந்த மூன்றில் ஒருவனாக இருக்கலாம் என்று வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். பிளஸ் டூ முடிந்ததும் அம்பத்தூர் அரசு ஐ.டி.ஐ. மாதிரி ஓரிடத்தில் ஒரு தொழில் படிக்கட்டும். கட்டணத் தொல்லை இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, இலவச பஸ் பாஸ். அக்னிவீர் டெக்னிக்கல் பிரிவில் ஐ.டி.ஐ.க்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு, என்.சி.சி. சான்றிதழுக்கும் உண்டு. படித்துக்கொண்டே வருடாவருடம் விண்ணப்பிக்கலாம். நான்கு வருடத்தில் திரும்பினாலும் கையில் தொழில் இருக்கும். சீட்டுப் பணம் அப்படியே வங்கியில் கிடக்கட்டும், அவன் திரும்பி வரும் நாளுக்கு அது தேவைப்படலாம்.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருக்கும் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்கு நேரில் போய் அறிவிப்பைக் கேளுங்கள். "உள்ளே ஆள் இருக்கு, ஐம்பதாயிரம் கொடுத்தா முடிச்சுத் தரேன்" என்று ஒருவன் வருவான், கட்டாயம் வருவான். வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2025-ல் விண்ணப்பக் கட்டணம் 250 ரூபாய்தான், ஆன்லைன் தேர்வைத் தமிழிலும் எழுத முடிந்தது. அதற்கு முன் அரசு மருத்துவமனையில் கண், காது, பல், பாதம் நான்கையும் காட்டிவிடுங்கள். தட்டைப்பாதம் என்று கடைசி நாளில் திருப்பி அனுப்பப்பட்டு, அழுதுகொண்டே என் முன் உட்கார்ந்த பையன்கள் உண்டு.

ஒன்றில் மட்டும் நான் அசையமாட்டேன். போவதா வேண்டாமா என்பது பையனின் முடிவு. பெரியப்பாவுக்காக ஆபீசர் கோச்சிங்கிலும் உட்கார வேண்டாம், எனக்காக ராணுவத்துக்கும் போக வேண்டாம். அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இதைச் சொன்னபோது மட்டும் தலையாட்டினார்.

கிளம்பும்போது பெரியப்பா மெதுவாகக் கேட்டார்: "ஹவில்தார்னா கல்யாணப் பத்திரிகையில பேருக்கு முன்னாடி போடலாமா சார்?" போடலாம் என்றேன். அதற்கு முன்னால் ஆள்சேர்ப்பு ஓட்டம் இருக்கிறது; முழு மதிப்பெண் வேண்டுமென்றால் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்தில் ஓட வேண்டும். பையனுக்கு இப்போது ஆறேகால் ஆகிறதாம். ஞாயிறு காலை மைதானத்துக்கு ஸ்டாப்வாட்சோடு வருவதாகப் பெரியப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார்.