கம்பெனி நடத்தாத பேராசிரியர்

கேள்வி: கல்லாவில் ஒரு நாள்கூட உட்காராத பிசினஸ் பேராசிரியர்கள், அடிக்கடி தலைகீழாகும் டெக்னாலஜி கம்பெனிகளைப் பற்றி என்ன பெரிதாகச் சொல்லிவிட முடியும்?

பதில்: நியாயமான கடுப்புதான். ஆனால் ராபர்ட் பர்கல்மேனைப் பாருங்கள். பெல்ஜியத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர், 1981-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பிசினஸ் பாடம் நடத்தச் சேர்ந்தார். அறிவுரை சொல்வதை விட்டு, இன்டெல்லுக்குள் போய் ஆட்களிடம் பேசிப் பேசி, நடந்ததைத் தோண்டினார்.

மெமரி சிப்பில் தொடங்கிய இன்டெல், ஜப்பான் போட்டியைத் தாங்க முடியாமல் 1985-ல் டி-ரேம் என்ற அந்த மெமரி சிப்பைக் கைவிட முடிவெடுத்தது. மேலிடம் ரூம் போட்டு யோசித்த முடிவு என்றுதானே நினைப்போம்? இவர் கண்டது வேறு. ஒரு வேஃபருக்கு (சிப்கள் செய்யும் சிலிக்கான் தட்டு) எந்தச் சிப் அதிக லாபம் தருகிறதோ அதற்கே ஃபேக்டரியில் முன்னுரிமை என்று ஒரு விதி இருந்தது. மேலே இருந்தவர்கள் ‘நாம் மெமரி கம்பெனி’ என்று பேசிக்கொண்டிருந்தபோதே, நடுமட்ட மேனேஜர்கள் அந்த விதிப்படி கொஞ்சம் கொஞ்சமாக, கம்ப்யூட்டரின் மூளையான மைக்ரோபிராசசருக்கு இடத்தை மாற்றிக்கொண்டே வந்துவிட்டார்கள். முடிவு வந்தபோது காரியம் பெரும்பாலும் முடிந்திருந்தது.

அப்புறம் இன்டெல் தலைவர் ஆண்டி குரோவே பல வருடங்கள் ஸ்டான்ஃபோர்டில் இவரோடு சேர்ந்து பாடம் நடத்தினார். சரி, நண்பராகிவிட்டார், இனி புகழ்மாலைதான் என்று பார்த்தால், குரோவ் காலத்து பிசி வெற்றியே இன்டெல்லில் புதுத் தொழில்களை வளரவிடாமல் தடுத்தது என்று 2002-ல் பர்கல்மேன் கட்டுரை எழுதினார். கல்லாவில் உட்கார்ந்திருந்தால் இதை எழுதியிருப்பாரா, சந்தேகம்தான்.