மாலத்தீவுப் பயிற்சிக்கு 6,000 வெள்ளி கட்டலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். மகள் தொடக்கக்கல்லூரி முடித்துவிட்டு, கடல் உயிரியல்தான் படிப்பேன் என்கிறாள். கல்விக் கண்காட்சியில் பார்த்த முகவர் ஒருவர், மாலத்தீவில் ஆறு வாரம் பவளப்பாறைப் பயிற்சி எடுத்தால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடமும் பிறகு வேலையும் நிச்சயம் என்கிறாராம். 6,000 வெள்ளி. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். கட்டலாமா, சிங்கப்பூரில் இதற்கெல்லாம் வேலை உண்டா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள் அம்மா. அந்தப் பணத்துக்கு மகளுக்குக் கிடைக்கப்போவது ஒரு சான்றிதழும் நிறையப் படங்களும்தான். இங்கே ஆய்வுக்கூடத்தில் ஆள் எடுப்பவர் அந்தச் சான்றிதழைத் தேட மாட்டார்.

வேலை உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. நம் கடலில் 250க்கும் மேற்பட்ட வன்பவள வகைகள் இருக்கின்றன. இவ்வளவு நிலமீட்புக்கும் கப்பல் போக்குவரத்துக்கும் நடுவில், கலங்கிய தண்ணீரில் அவை பிழைத்துக் கிடக்கின்றன. 1998, 2010, 2016, 2024 ஆண்டுகளில் கடல் சூடேறி, உள்ளே வாழும் பாசியை இழந்து வெளுத்தன. பெரும்பகுதி தேறியும் வந்தன. எது தாங்குகிறது, ஏன் தாங்குகிறது என்பதுதான் இப்போது இங்கே பெரிய ஆராய்ச்சிக் கேள்வி. தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் ஒரு லட்சம் பவளங்கள் நடும் வேலையைத் தொடங்கிவிட்டது. பத்தாண்டுக்காவது அது ஓடும். சிஸ்டர்ஸ் தீவுகளை அடுத்து இரண்டாவது கடல் பூங்காவும் திட்டத்தில் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸ் தீவில் தேசியக் கடல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கட்டுமானத்துக்கு முன் சுற்றுச்சூழல் தாக்கத்தை மதிப்பிடும் நிறுவனங்களும் ஆள் எடுக்கின்றன. மீன் வளர்ப்பை மட்டும் நம்பிப் போக வேண்டாம். 2030க்குள் 30 விழுக்காடு உணவை இங்கேயே விளைவிக்கும் இலக்கையே அரசாங்கம் 2025இல் மாற்றி, 2035க்குப் புதிய இலக்குகள் வைத்துவிட்டது.

எந்த அனுபவத்துக்கு மதிப்பு? கடற்புல் கணக்கெடுப்பைப் பாருங்கள். நீர் வற்றியதும், சில நாள் விடியுமுன்பே, சேற்றில் 50 மீட்டர் அளவு நாடா இழுப்பார்கள். ஐந்து மீட்டருக்கு ஒருமுறை அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் புல் எத்தனை விழுக்காடு, எந்த வகை, பாசி எவ்வளவு என்று பார்த்து எழுத வேண்டும். மூன்று நாடா, 33 சட்டம். தண்ணீர் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். இதில் பொறுமையாக நின்று, பிறகு அந்த எண்களைக் கணினியில் ஏற்றி அலசத் தெரிந்த பிள்ளையைத்தான் கடல் ஆய்வில் இருக்கும் நாங்கள் தேடுகிறோம். இதற்குத் தன்னார்வலராகச் சேர்ந்தால் போதும், காசு வேண்டாம். பேராசிரியர் ஒருவருக்குத் தன்னைப் பற்றி நாலு வரி எழுதி, விடுமுறையில் உதவ வரட்டுமா என்று அவளே கேட்கட்டும். பதில் வராவிட்டால் அடுத்தவருக்கு எழுதட்டும்.

காசு கொடுக்கலாம் என்று நான் சொல்வது ஒன்றே ஒன்றுக்கு: முக்குளிப்பு உரிமம். அதிலும் கவனம் வேண்டும். கரையோர ஆய்வுக்கும் ஆய்வுக்கூட வேலைக்கும் மரபணு வேலைக்கும் முக்குளிக்கத் தெரிய வேண்டியதில்லை. பவளப்பாறை ஆய்வு என்றால் தெரிந்திருப்பது நல்லது. அப்போதும் முதல் நிலை போதும். அதை இங்கேயோ மலேசியாவின் தியோமான் தீவிலோ சில நூறு வெள்ளியில் முடித்துவிடலாம். “கடல் உயிரியல் நிபுணர்” என்று பெயர் போட்ட கூடுதல் அட்டைகளை விற்பார்கள், வாங்க வேண்டாம். மேல்நிலை உரிமத்தை, ஓர் ஆய்வுக்குழு அவளை எடுத்துக்கொண்டு அது தேவை என்று சொன்ன பிறகு எடுக்கட்டும். அப்புறம், மாலத்தீவில் தெளிந்த நீரில் மிதந்து பழகியவர் இங்கே இரண்டு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத தண்ணீரில் இறங்கினால் திணறுவார். முதலிலேயே இங்கே பழகுவது மேல்.

முகவர் விஷயத்துக்கு வருவோம். மாணவர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் அவருக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்து தரகு. ஆலோசனை இலவசம் என்று சொல்ல முடிவது அதனால்தான். கையிலுள்ள பட்டியலுக்கு வெளியே நல்ல இடம் இருந்தால் சொல்ல மாட்டார். “வேலை நிச்சயம்” என்பதை எழுத்தில், பணம் திருப்பித் தரும் நிபந்தனையோடு கேளுங்கள், பேச்சை மாற்றுவார். கடைசி நாள் நெருங்குகிறது என்று அவசரப்படுத்துவதும் விற்கும் உத்திதான்.

இவர்களுக்கு வழி திறந்துவிட்டது எங்கள் துறைதான் என்பதில் எனக்குக் கோபம் உண்டு. தொடக்க நிலை உதவியாளர் வேலைக்கே இரண்டாண்டு அனுபவம் கேட்கிறார்கள். அதைக் கொடுப்பவர்கள் யார்? ஒப்பந்தம் ஓராண்டு, ஈராண்டு. மானியம் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. பவளம் வளர எத்தனை ஆண்டு ஆகும் என்று தெரிந்தவர்கள், அதை எண்ணும் பிள்ளைகளை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். நல்ல பிள்ளைகள் பலர் பள்ளி ஆசிரியராகவோ வங்கிக்கோ போய்விட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் பட்டத்தின் பெயரில் “கடல்” இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர் அறிவியலோ சுற்றுச்சூழல் ஆய்வியலோ, கூடவே புள்ளியியலும் படித்தால், கடலும் உண்டு, கடல் கைவிட்டால் வேறு கதவும் உண்டு. ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ்வில் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகம் இத்துறையில் பெயர் பெற்றது. அங்கே போக ஆசையென்றால் முனைவர் ஆய்வுக்குப் போகட்டும். அந்தக் கட்டத்தில் உதவித்தொகைக்கு முயலலாம், உங்கள் சேமிப்பில் கை வைக்க வேண்டாம்.

மாதக் கடைசியில் முகவர் கூப்பிட்டால், மகள் இங்கே விண்ணப்பித்துவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு முன் அவள் நிஜமாகவே விண்ணப்பித்திருக்கட்டும்.