வேலை முடியாத ஒரு வாரம்

அன்புள்ள சார்,

வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் இருக்கிறோம். மகள் இயேசு சபையினர் (ஜெசூட் என்னும் கத்தோலிக்கத் துறவிகள்) நடத்தும் ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். மார்ச் விடுமுறையில் ‘இம்மர்ஷன் ட்ரிப்’ என்று, ஏழை மக்களோடு சில நாள் இருந்து பார்க்கும் பயணமாம், ஒரு குழுவாக கென்டக்கியின் கிழக்குப் பக்கம், அப்பலாச்சிய மலைப் பகுதிக்குப் போய்வந்தாள். ஒரு வயதான அம்மாளின் வீட்டு வாசலில் சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் போடும் வேலை. அந்த அம்மாள் தினமும் இவர்களை உட்காரவைத்து, சுரங்கத்தில் வேலை பார்த்து நுரையீரல் நோயில் இறந்துபோன கணவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாராம். வேலை பாதியில் நின்றுவிட்டது என்று குழுவில் எல்லோருக்கும் வருத்தம்.

வந்ததிலிருந்து ‘சாலிடாரிட்டி’, ‘சாலிடாரிட்டி’ என்கிறாள், ஏழைகளோடு தோழமையாம். கூட வந்தவர்கள் எல்லாம் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டார்கள். ராத்திரி மெழுகுவத்தி ஏற்றி வட்டமாக உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். என் கணவரோ, “அந்தப் பணத்தை அனுப்பியிருந்தால் ஒரு தச்சர் இரண்டு நாளில் முடித்திருப்பார். இது ஏழைகளை வேடிக்கை பார்க்கும் சுற்றுலா” என்கிறார். எனக்கு இன்னொரு கவலை, நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அடுத்த வருடமும் போகவேண்டும் என்கிறாள். அனுப்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கணவரின் கணக்கு சரிதான். சாய்தளம் சாதாரண வேலை இல்லை. ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் வேண்டும். வாசல் இரண்டடி உயரம் என்றால் 24 அடி நீளத்துக்கு இழுக்கவேண்டும், நடுவில் திரும்புவதற்குச் சமதளம், விழாமலிருக்கக் கைப்பிடி. வாழ்க்கையில் டிரில்லைத் தொட்டிராத பிள்ளைகள் ஒரு வாரத்தில் அதைச் செய்துமுடிப்பார்கள் என்று யாராவது நம்பினால் அவர்கள் அந்த அம்மாளின் சக்கர நாற்காலியைப் பற்றி யோசிக்கவில்லை என்று அர்த்தம். உதவிதான் நோக்கம் என்றால் பணம் அனுப்புவதே உத்தமம்.

இதை உங்கள் கணவரைவிடக் காட்டமாக ஒரு கத்தோலிக்கக் குருவே சொல்லியிருக்கிறார். இவான் இல்லிச். 1968-இல், மெக்சிகோவுக்குச் சேவை செய்யக் கிளம்பிக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்களின் மாநாட்டுக்கு அவரை அழைத்தார்கள். மேடையேறி, வராதீர்கள் என்றார். பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், பூக்களை ரசியுங்கள், படியுங்கள், உதவி செய்கிறேன் என்று மட்டும் வராதீர்கள். ஏழைகளோடு வேலை செய்தே தீருவேன் என்றால், உங்கள் முகத்துக்கு நேரே ‘போய்த் தொலை’ என்று உங்கள் மொழியில் சொல்லக்கூடிய ஏழைகளிடம் போங்கள் என்றார். அழைத்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! இன்றைக்கும் இப்படிப் பயணம் கிளம்பும் பல குழுக்களுக்கு முதலில் படிக்கக் கொடுப்பது அந்த உரையைத்தான். கத்தோலிக்கக் கல்லூரிகளிடம் எனக்குப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

சரி, உதவி இல்லையென்றால் எதற்காகப் போகிறார்கள்? 2000 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா பல்கலைக்கழகத்தில் அன்றைய இயேசு சபைத் தலைவர் பீட்டர் ஹான்ஸ் கோல்வென்பாக் ஓர் உரையாற்றினார். தோழமை என்பது கருத்துகளால் வருவதில்லை, நேரடித் தொடர்பால்தான் வரும் என்ற திருத்தந்தையின், அதாவது போப்பின், வார்த்தையை எடுத்துச்சொன்னார். நேரில் பட்டு மனம் அசைந்தால்தான் அறிவும் தன்னை மாற்றிக்கொள்ளத் துணியும் என்பது கோல்வென்பாக்கின் கட்சி. அதாவது அந்த ஒரு வாரத்தில் பாடம் மாணவர்களுக்கு, ஆசிரியர் அந்த அம்மாள். மாணவர்கள் அங்கே விருந்தாளிகள், அதுவும் கொஞ்சம் தொந்தரவு பிடித்த விருந்தாளிகள்.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். மகளுக்கு உயிர்த்தோழிகள் கிடைத்தது நல்ல விஷயம். ஒரே வேனில் போய், ஒரே கூடத்தில் தரையில் படுத்து, போனைப் பெட்டியில் போட்டுவிட்டு ஒரு வாரம் இருந்தால் யாரும் நெருங்கிவிடுவார்கள். அதற்கு ஏழைகளே தேவையில்லை, ஒரு மலையேற்றம் போதும். அந்த நெருக்கத்தைத்தான் பிள்ளைகள் பல நேரம் ஏழைகளோடு ஏற்பட்ட தோழமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். மெழுகுவத்தி வட்டத்தில் அந்த அம்மாள் இருந்தாரா? இருந்திருக்கமாட்டார். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சமூகப் பிரச்சினைகள் பற்றித் திருச்சபைக்கு எழுதிய சுற்றுமடலில் இது தெளிவாகவே இருக்கிறது. அடுத்தவர் துன்பத்தைக் கண்டு பொத்தாம்பொதுவாக இரங்குவதைத் தோழமை என்று அவர் ஏற்கவில்லை. எல்லோருக்கும் பொதுவான நன்மைக்காக உறுதியோடு, விடாமல் நிற்பதைத்தான் அப்படிச் சொன்னார். விடாமல் நிற்பதற்கு ஒரு வாரம் எங்கே போதும்?

வேலை நின்றுவிட்டதென்று குழுவில் எல்லோரும் வருத்தப்பட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது அந்த அம்மாளின் பேச்சுதான் என்பேன். வேலை நின்றதால்தான் அது நடந்தது. 1964 ஏப்ரலில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வறுமைக்கு எதிரான போர் என்று அறிவித்துவிட்டு கிழக்கு கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டிக்குப் போய் ஒரு குடும்பத்தின் வாசலில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து கேமராவும் கிளிப்போர்டுமாக அந்தப் பக்கம் வந்துபோனவர்களுக்குக் கணக்கில்லை. பார்க்கப்பட்டுச் சலித்த ஜனங்கள். அப்படிப்பட்ட ஊரில் ஓர் அம்மாள் அந்நியப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணவரைப் பற்றிப் பேசுகிறார் என்றால் அவர்களை நம்பித் தன் கதையைக் கொடுத்திருக்கிறார்.

அவர் சொன்ன நோய் ‘பிளாக் லங்’காகத்தான் இருக்கவேண்டும். நிலக்கரித் தூசு நுரையீரலில் படிந்து மூச்சை அடைப்பது. 1969 பிப்ரவரியில் மேற்கு வர்ஜீனியாவில் ஆயிரக்கணக்கான சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். முதலில் அந்த மாநிலத்தில் சட்டம் வந்தது, ஆண்டு முடிவதற்குள் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. தூசுக்கு அளவு, நோயாளிக்கும் விதவைக்கும் உதவித்தொகை. ஆனால் உதவித்தொகை தானாக வீடு தேடி வராது. நோய் சுரங்கத்தால்தான் வந்தது என்று நிரூபிக்க, நிறுவனங்களின் வக்கீல்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். நிறுவனம் திவாலாகிவிட்டால் ஓர் அறக்கட்டளை நிதியிலிருந்து கொடுப்பார்கள். அந்த நிதிக்கு வருமானம் நிலக்கரி மீதான வரி. 2019-இல் அந்த வரி பாதிக்கும் கீழே இறங்கியது, 2020-இல் பழைய அளவுக்கு ஏறியது, 2022-இல்தான் அந்த அளவு நிரந்தரமானது. முடிவெடுத்தது வாஷிங்டன். அங்கே இருக்கிற நாடாளுமன்ற உறுப்பினர்களில் ஒருவர் உங்கள் தொகுதிக்காரர். அவரிடம் பேச உங்கள் மகளால் முடியும். அந்த அம்மாளுக்குச் சாய்தளத்தைவிட அது பெரிய காரியம்.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. 1989 நவம்பர் 16 அன்று மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயேசு சபைக் குருக்கள் ஆறு பேரையும், அங்கே சமையல் வேலை பார்த்த பெண்ணையும், அவருடைய பதின்வயது மகளையும் ராணுவம் சுட்டுக் கொன்றது. சுட்ட படையினரில் பலர் லத்தீன் அமெரிக்கப் படையினருக்காக அமெரிக்க ராணுவம் நடத்திய ஸ்கூல் ஆஃப் தி அமெரிக்காஸில் பயிற்சி பெற்றவர்கள் என்பது பின்னால் தெரியவந்தது. இயேசு சபைக் கல்லூரி மாணவர்கள் ஜார்ஜியாவில் அந்தப் பயிற்சிப் பள்ளி இருந்த முகாமின் வாசலில் நவம்பர்தோறும் கூடினார்கள். இப்போது அந்தக் கூட்டம் வாஷிங்டனில் நடக்கிறது. கூடிப் பிரார்த்தித்துவிட்டுக் கலைவதில்லை, நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குப் போய்ப் பேசுகிறார்கள். தூர தேசத்துத் துயரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டு போனால் மறுமுனை தங்கள் நாட்டில் இருக்கிறது என்று கண்டுகொண்ட பிள்ளைகள் அவர்கள். அப்பலாச்சியாவிலும் அதேதான். அந்த மலைகளைக் குடைந்து எடுத்த கரிதான் வெளியூர்களுக்கு வெளிச்சமாகப் போனது.

மதமாற்றக் கவலை பற்றிச் சுருக்கமாக. ஜெபமும் திருப்பலியும் இருக்கும், உங்கள் மகள் அமைதியாக உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அந்த மலைப் பகுதியில் கத்தோலிக்கர்களே மிகக் குறைவு, பெரும்பாலும் பாப்டிஸ்ட், பெந்தகோஸ்தே சபையினர். அந்த அம்மாளின் சபையும் உங்கள் மகளை அழைத்துவந்தவர்களின் சபையும் வேறுவேறாகவே இருந்திருக்கலாம்.

அனுப்பலாமா என்று கேட்டீர்கள். அனுப்பலாம், ஆனால் மூன்று கேள்வி கேட்டுவிட்டு. அதே ஊருக்குத்தான் போகிறார்களா? இந்த ஆண்டு கென்டக்கி, அடுத்த ஆண்டு எல்லைப்புற முகாம் என்று மாற்றிக்கொண்டே போவதாக இருந்தால் நான் உங்கள் கணவர் பக்கம். அங்கே வருடம் முழுக்க இருப்பவர்கள் யார், இந்த வாரம் எங்களுக்குத் தோதுப்படாது, வராதீர்கள் என்று சொல்லும் உரிமை அவர்களிடம் இருக்கிறதா? அப்புறம், திரும்பி வந்தபின் குழு எத்தனை மாதம் கூடுகிறது, கூடி என்ன செய்கிறது? புகைப்படம் பார்த்து அழுவதற்கு மட்டும் என்றால் வேண்டாம்.

மகளிடம் கோபமாகப் பேசவேண்டாம் என்று கணவரிடம் சொல்லுங்கள். அந்த அம்மாளின் கணவர் எந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தார், உதவித்தொகை வந்ததா என்று கேட்கச் சொல்லுங்கள். தெரியாது என்றால் ஒரு கடிதம் எழுதிக் கேட்கட்டும். தச்சர் கூலியையும் அதோடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள், சாய்தளம் பாதியில்தானே நிற்கிறது.