உள்ளே வரும்போதே குறைப்போம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் அன்றாடம் புழங்கும் பிளாஸ்டிக்கைக் குறைப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே இடம்பெறுகின்றன. ஒரே பொருளைப் பற்றிப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவை ஒரு கேள்வியாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: எங்கள் வீட்டில் டப்பா, வாளி, குடம் எல்லாமே பிளாஸ்டிக்தான். அத்தனையையும் அகற்றிவிட்டு எவர்சில்வருக்கும் கண்ணாடிக்கும் மாறிவிட விரும்புகிறேன். எதை முதலில் தூக்கிப்போட வேண்டும்?

பதில்: தங்கள் அக்கறை உண்மையானது, ஆனால் தூக்கிப்போடுவதில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வாளியைச் செய்வதற்கான எண்ணெயும் ஆற்றலும் அது செய்யப்பட்ட அன்றே செலவாகிவிட்டன. இன்று அதை எறிந்தால் அந்தச் செலவு மீளாது. குப்பையில் ஒரு வாளி கூடும், அதன் இடத்துக்கு வரும் உலோக வாளிக்காக இன்னொரு முறை சுரங்கமும் உலையும் இயங்கும். ஆகவே இருப்பவை உடையும்வரை உழைக்கட்டும். விலக்கு ஒன்றே: சூடான உணவை வைக்கும் டப்பாக்களையும், கீறல் விழுந்து வெடித்த உணவு டப்பாக்களையும் அந்த வேலையிலிருந்து விடுவித்து, ஆணி, பொத்தான், விதை போன்றவற்றைப் போட்டு வைக்கப் பயன்படுத்தலாம்.

தாங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது, வீட்டுக்குள் வந்து சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடும் பிளாஸ்டிக். உலகில் உற்பத்தியாகும் பிளாஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உறைகளுக்கும் பொட்டலங்களுக்குமே போகிறது. பத்து ஆண்டுகள் உழைக்கும் வாளியைப் பற்றிக் கவலைப்படும் நாம், பத்து நிமிடம்கூடப் பயன்படாத உறையைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஒரு வாரத்துக்கு, வீட்டில் சேரும் பிளாஸ்டிக் கழிவு எதையும் வெளியே அனுப்பாமல், அலசி உலர்த்தி ஒரு சாக்கில் போட்டு வையுங்கள். வார முடிவில் அதைத் தரையில் கொட்டி, குடும்பத்தார் எல்லோருமாக அமர்ந்து வகை பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு மூன்று பொருள்கள்தாம் குவியலின் பெரும்பகுதியாக இருக்கும். எவை என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஒரு வீட்டில் தண்ணீர் பாட்டில், மற்றொன்றில் சிறு சிறு ஷாம்பு, சோப்புத்தூள் பொட்டலங்கள், வேறொன்றில் வாங்கி வந்த உணவின் டப்பாக்கள். எது முதலிடத்தில் நிற்கிறதோ அதை மட்டும் எடுத்துக்கொண்டு வழி தேடுங்கள். சிறு பொட்டலங்களுக்குப் பதில் பெரிய கொள்கலன், திரவ சோப்புக்குப் பதில் கட்டி சோப்பு, வெளியே போகும்போது கையில் தண்ணீர் என்று எளிய மாற்றங்களே போதும். அது பழகிய பிறகு இரண்டாவதற்குச் செல்லலாம். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்ற முயலும் வீடுகள் களைத்துப்போய்ப் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிடுகின்றன.

கேள்வி: துணிப்பை செய்வதற்கு ஏராளமான நீரும் ஆற்றலும் தேவைப்படுவதால், அதைவிடப் பிளாஸ்டிக் பையே மேல் என்கிறார்கள். இது சரியா?

பதில்: பாதி சரி. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட, புவி வெப்பமாதல் என்ற ஒரு கணக்கில் பருத்திப் பை முந்த வேண்டுமானால், அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை கடைக்குப் போகிறவருக்கு இது ஓராண்டுக்குச் சற்றே கூடுதலான காலம். நன்றாகத் தைத்த பை அதற்கு மேலும் பல ஆண்டுகள் உழைக்கும். மேலும் அந்தக் கணக்கில், எறியப்பட்ட பை சாக்கடையை அடைப்பதும், கால்நடைகளின் வயிற்றிலும் கடலாமையின் வயிற்றிலும் போய்ச் சேருவதும் சேர்க்கப்படவில்லை. இருந்தாலும் அந்த ஆய்விலிருந்து நாம் கொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு: ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அன்பளிப்பாகக் கிடைக்கும் துணிப்பைகளை வாங்கி அலமாரியில் அடுக்கி வைப்பதால் நன்மை எதுவும் இல்லை. இரண்டு மூன்று பைகள் போதும். பழைய சட்டையையோ விரிப்பையோ வெட்டித் தைத்த பையாக இருந்தால் புதுப் பருத்தியின் சுமையே கிடையாது.

கேள்வி: பிளாஸ்டிக் பொருள்களின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண், அது பாதுகாப்பானது, மறுசுழற்சி செய்யத்தக்கது என்பதைக் குறிக்கிறதா?

பதில்: இரண்டையும் குறிக்கவில்லை. 1988-இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் அமைப்பு ஒன்று கொண்டுவந்த இந்த எண்கள், பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டுமே சொல்கின்றன. 1 என்பது தண்ணீர் பாட்டில் செய்யப்படும் பெட். 2 என்பது கெட்டியான கேன்களுக்குப் பயன்படும் உயர் அடர்த்திப் பாலித்தீன். 3 பிவிசி, 4 மெல்லிய பைகளின் பாலித்தீன், 5 பாலிபுரப்பிலீன், 6 பாலிஸ்டைரீன், 7 மற்றவை. பழைய பொருள் வாங்குவோர் பொதுவாக விரும்பி எடுப்பவை 1, 2 ஆகிய எண் கொண்டவை. பல இடங்களில் 5-ஐயும் எடுக்கிறார்கள். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய பளபளப்பான நொறுக்குத் தீனி உறைகளை அடுக்கு வாரியாகப் பிரிப்பது மிகக் கடினம் என்பதால் எவரும் எடுப்பதில்லை.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, எண்ணைவிட வெப்பத்தையே கவனியுங்கள். பெட் பாட்டில் ஏறத்தாழ 70 பாகை செல்சியஸில் இளகத் தொடங்கும்; அதில் வெந்நீர் ஊற்றக்கூடாது. சூடும் எண்ணெய்ப் பசையும் புளிப்பும் உள்ள உணவு, பிளாஸ்டிக்கில் சேர்த்திருக்கும் வேதிப்பொருள்களைத் தன்னுள் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கியதை நேராகப் பிளாஸ்டிக்கில் கொட்டுவதையும், பிளாஸ்டிக் பாத்திரத்தோடு மைக்ரோவேவ் அடுப்பில் வைப்பதையும் தவிருங்கள். கடினமான, கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் பாத்திரங்களில் இருக்கும் பிஸ்பீனால் ஏ என்ற பொருளை, உணவைத் தொடும் பொருள்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் தடை விதித்தது. ‘பிஸ்பீனால் ஏ இல்லாதது’ என்று அச்சிட்ட பொருள்களில் அதன் உறவுப் பொருளான பிஸ்பீனால் எஸ் இருந்ததும் உண்டு என்பதால், அந்த அச்சை மட்டும் நம்பிச் சூடான உணவை வைக்க வேண்டாம்.

கேள்வி: ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்று எழுதிய பைகளையும் குவளைகளையும் வாங்கலாமா?

பதில்: தங்கள் ஊரில் அவற்றைத் தனியே சேகரித்து உரமாக்கும் ஆலை இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அந்த வார்த்தைகளால் பயன் குறைவு. தாவர மாவுச்சத்திலிருந்து செய்யப்படும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக், ஏறத்தாழ 60 பாகை செல்சியஸ் வெப்பமும் ஈரமும் தொடர்ந்து இருக்கும் தொழில்முறை உரக்கூடத்தில்தான் சில மாதங்களில் மக்கும். வீட்டு உரத்தொட்டியிலோ மண்ணிலோ கடலிலோ அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும். சாதாரணப் பிளாஸ்டிக்கில் சில உப்புகளைச் சேர்த்து ‘சிதையும்’ என்று விற்பவை இன்னும் மோசம். அவை மறைவதில்லை, சிறு துண்டுகளாக உடைகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் இயற்றிய சட்ட நெறியில் இவ்வகையை முற்றாக விலக்கியது.

கேள்வி: குப்பை எடுக்க ஆள் வராத நாள்களில் பிளாஸ்டிக்கைக் கொல்லையில் எரித்துவிடுகிறோம். கொஞ்சம்தானே, தவறா?

பதில்: தவறு. தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். திறந்த வெளியில் குறைந்த வெப்பத்தில் எரியும்போது பிவிசி போன்றவை அமில ஆவியையும் டையாக்சின் என்ற கொடிய நச்சையும் வெளிவிடுகின்றன. முதலில் அதைச் சுவாசிப்பவர்கள் தங்கள் வீட்டுக் குழந்தைகளும் முதியவர்களும்தாம். சாம்பலிலும் நச்சு தங்கும். அலசி உலர்த்திய பிளாஸ்டிக் நாறாது, ஈ மொய்க்காது. ஒரு மாதம்கூடச் சாக்கில் காத்திருக்கும்.

கேள்வி: செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதாலும் பிளாஸ்டிக் கலக்கிறது என்று கேள்விப்பட்டேன். துவைக்காமல் எப்படி இருப்பது?

பதில்: பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் துணிகள் துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இழைத் துணுக்குகளை உதிர்க்கின்றன. கடலில் இத்தகைய துணுக்குகள் பரவிக் கிடப்பதை ரிச்சர்ட் தாம்சன் என்ற பிரிட்டிஷ் கடல் உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் 2004-இல் எடுத்துக்காட்டிய பிறகே, நுண்பிளாஸ்டிக் பற்றிய ஆராய்ச்சி பெருமளவில் வளர்ந்தது. துவைப்பதை நிறுத்த வேண்டியதில்லை. இயந்திரம் நிறையும் அளவுக்குத் துணி சேர்ந்த பிறகு, குளிர்ந்த நீரில், குறுகிய நேரச் சுழற்சியில் துவையுங்கள். வடிகட்டியில் சேரும் பஞ்சைத் தொட்டியில் கழுவிவிடாமல் குப்பைக் கூடையில் போடுங்கள். புதுத் துணி முதல் சில துவைப்புகளில்தான் மிகுதியாக உதிர்க்கும் என்பதால், இருக்கும் உடையை நெடுநாள் உடுத்துவதே இதற்கும் நல்ல வழி.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எந்தக் கூட்டம் நடந்தாலும், விழா நடந்தாலும், ஒரு முறை பயன்படுத்தி எறியும் தட்டுகளும் குவளைகளும் குவிந்துவிடுகின்றன. எத்தனையோ முறை எடுத்துச் சொல்லிவிட்டேன். தலையசைக்கிறார்கள், மறுமுறையும் அதையே வாங்குகிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் தலையசைப்பது பொய்யல்ல. பிளாஸ்டிக் கெடுதல் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் நிகழ்ச்சியை நடத்துபவர் முன்னால் நிற்கும் கேள்வி வேறு: இருநூறு தட்டுகளை யார் கழுவுவது? அதற்கு விடை கிடைக்காதவரை எறியும் தட்டே வெல்லும். எனவே அறிவுரையை நிறுத்திவிட்டு, கழுவும் வேலைக்கு ஓர் ஏற்பாட்டை முதலில் செய்யுங்கள்.

குடியிருப்பின் பொதுப் பணத்திலோ, பலரும் பகிர்ந்தோ, வழக்கமாக வரும் கூட்டத்துக்குப் போதுமான உலோகத் தட்டுகளையும் குவளைகளையும் வாங்கி, பூட்டக்கூடிய ஓர் அலமாரியில் வைக்கலாம். எடுத்தவர், எடுத்த எண்ணிக்கை, திருப்பிய எண்ணிக்கை ஆகியவற்றை எழுத ஒரு பதிவேடும், பொறுப்பாக இரண்டு பேரும் வேண்டும். எடுப்பவரிடம் பெறும் சிறு வாடகையிலேயே கழுவுபவருக்கான கூலி அடங்கியிருக்கட்டும். இதை வலியுறுத்திச் சொல்கிறேன்: கூலி இல்லாமல், ‘எல்லோரும் சேர்ந்து கழுவிக்கொள்ளலாம்’ என்று தொடங்கும் ஏற்பாடுகளில், இரண்டாம் நிகழ்ச்சியிலிருந்தே அந்த வேலை ஓசையின்றி வீட்டுப் பெண்கள் தலையில் விழுகிறது, அப்படி விழுந்தால் இந்த முயற்சி நியாயமானதும் ஆகாது, நிலைக்கவும் செய்யாது. முதல் முறையிலேயே தட்டுக்கும் போக வேண்டாம். தண்ணீரில் தொடங்குங்கள். குழாய் பொருத்திய பெரிய கொள்கலன், பக்கத்தில் அடுக்கிய குவளைகள், பயன்படுத்தியவற்றைப் போட ஒரு தொட்டி. சிறு பாட்டில்கள் அந்த இடத்திலிருந்து போய்விட்டாலே குவியல் கண்கூடாகச் சிறுத்துவிடும்.

நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. வங்கதேசம் 2002-இல் மெல்லிய பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை விதித்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுவே. சாக்கடைகளை அடைத்துக்கொண்டு வெள்ளத்தை மோசமாக்கிய பைகளை ஒழிப்பதே நோக்கம். ஆனால் மலிவான மாற்று எளிதில் கிடைக்காமலும், கண்காணிப்பு தளர்ந்தும் போனதால் பைகள் மீண்டும் கடைகளுக்கு வந்துவிட்டன. அதே ஆண்டில் அயர்லாந்து பையைத் தடை செய்யவில்லை; ஒவ்வொரு பைக்கும் வாங்குபவரிடம் ஒரு சிறு வரி மட்டும் வசூலித்தது. பைகளின் பயன்பாடு 90 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. கேட்காமலே கைக்கு வந்துகொண்டிருந்த பொருள், கேட்டும் காசு கொடுத்தும் வாங்க வேண்டியதாகிவிட்டது. அதோடு, வீட்டிலிருந்து எடுத்துவரக்கூடிய பை என்ற மாற்று எல்லோரிடமும் ஏற்கெனவே இருந்தது. தங்கள் குடியிருப்பிலும் எறியும் குவளை வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும், கழுவிய குவளை கேட்காமலே கண் முன் இருக்கும் என்ற நிலையை உண்டாக்கிப் பாருங்கள்.

கேள்வி: நாங்கள் பிரித்துக் கொடுத்தாலும் கடைசியில் எல்லாம் ஒரே குப்பை மேட்டுக்குத்தான் போகிறது. பிறகு எதற்குப் பிரிப்பது?

பதில்: தங்கள் ஐயத்துக்கு அடிப்படை இருக்கிறது. 2015 வரை உலகில் உண்டான பிளாஸ்டிக் கழிவில் ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே மறுசுழற்சிக்குப் போயிற்று என்றும், 79 விழுக்காடு குப்பை மேடுகளிலும் சுற்றுப்புறத்திலும் சேர்ந்துவிட்டது என்றும் 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. மறுசுழற்சியை நம்பி நிறைய வாங்குவது சரியல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனாலும் பிரிப்பதை விட்டுவிடாதீர்கள். உணவுக் கழிவோடு கலந்து ஊறிய பிளாஸ்டிக்கை யாரும் வாங்கமாட்டார்கள். உலர்ந்து தனியே இருப்பதற்கு விலை உண்டு, அந்த விலையில் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. குப்பையைத் தரம் பிரிக்கும் பணியாளர் வெறுங்கையால் அழுகலைக் கிளற நேர்வதும் நேராமல் இருப்பதும் நம் வீட்டுக் கூடைகளைப் பொறுத்தது. லாரியில் கலந்துவிடுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால், உலர்ந்தவற்றைக் குடியிருப்பு முழுவதுமாகச் சேர்த்து, மாதம் ஒரு முறை பழைய பொருள் வாங்குபவரை வரவழைத்துக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். டயபர், கையுறை, குழாய்கள், ஊசிகள், உறிஞ்சு குழல் என்று ஒவ்வொரு நாளும் எவ்வளவோ பிளாஸ்டிக் எறிகிறேன். மனம் உறுத்துகிறது.

பதில்: தங்களுக்கு உறுத்தல் வேண்டியதில்லை. நோய்த்தொற்றைத் தடுக்கவும், வலியில்லாமல் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் பயன்படும் பிளாஸ்டிக், தேவையான பிளாஸ்டிக்தான். அதைக் குறைக்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் பொருட்படுத்த வேண்டாம். தங்கள் நேரமும் உடலும் இப்போது அம்மாவுக்குத் தேவை. துணிப்பையையும் பாட்டிலையும் பற்றி மற்றவர்கள் யோசிக்கட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். பயன்படுத்திய ஊசிகளை மற்றக் குப்பையோடு போடாமல், மூடியுள்ள கெட்டியான டப்பா ஒன்றில் சேர்த்து, நிறைந்ததும் மூடியை இறுக ஒட்டி, மேலே ‘ஊசிகள்’ என்று பெரிய எழுத்தில் எழுதி, மருந்தகத்திலோ மருத்துவமனையிலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள். டயபர்களைச் சுருட்டி, செய்தித்தாளில் சுற்றி, குப்பை எடுப்பவரிடம் இன்னதென்று சொல்லித் தனியே கொடுங்கள்.