பைதன் ஓரளவு தெரியும். காலநிலை மொடல் ஒன்றை நானே எழுதிப் பழக எங்கே தொடங்கலாம்?

உயர்தரம் முடித்துவிட்டு கம்பஸ் அனுமதிக்குக் காத்திருப்பதாகவும், யாழ்ப்பாணத்து மழையைக் கணிக்கும் மொடல் எழுத ஆசை என்றும் கேட்டிருக்கிறீர்கள். தம்பியோ தங்கச்சியோ தெரியாது. யாராக இருந்தாலும் முதல் வேலை யாழ்ப்பாணத்தை மறப்பது. கொஞ்ச நாளைக்குத்தான்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் பிள்ளைகளுக்கு பைதன் சொல்லிக்கொடுக்கிறவன். காலநிலை என்றதும் பலர் நேரே மழைத் தரவைத் தேடி இறக்கி, மெஷின் லேர்னிங்கில் போட்டு வரைபு கீறிவிடுவார்கள். வரைபு வடிவாகத்தான் இருக்கும். ஏன் அப்படி வந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். இந்தப் பாதை வேண்டாம்.

பௌதிகவியலில் படித்த ஸ்டீபனின் விதி போதும்; சூடான பொருள் எவ்வளவு வெப்பத்தைக் கதிர்வீசும் என்று சொல்லுமே, அதுதான். பூமி முழுவதையும் ஒரே புள்ளியாக எடுங்கள். இரவு பகல் இல்லை, கடல் கரை இல்லை. சூரியனுக்கு நேரே பிடித்த ஒரு சதுர மீற்றரில் விழுவது ஏறத்தாழ 1361 வாற்று. உருண்டை முழுவதற்கும் பகிர்ந்தால் அதில் காற்பங்கு, அதாவது 340. முகிலும் பனியும் நிலமும் அதில் 30 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். மிச்சம் 238தான் வரவு. வெப்பநிலையின் நான்காம் அடுக்கை 5.67 × 10⁻⁸ ஆல் பெருக்கினால் வருவது பூமி வெளியே விடும் வெப்பம், அதுதான் செலவு. லூப்புக்குள் ஒரே வரி:

புதிய வெப்பநிலை = பழைய வெப்பநிலை + (வரவு − செலவு) × காலப்படி ÷ வெப்பக் கொள்ளளவு

கொள்ளளவுக்கு 70 மீற்றர் ஆழத் தண்ணீரை வையுங்கள். சதுர மீற்றருக்கு, ஒரு பாகைக்கு, ஏறத்தாழ 29 கோடி யூல். 288 கெல்வினில் தொடங்கி, ஒரு வருடப் படியாக ஓடவிடுங்கள். பதினைந்து வருடத்துக்குள் 255 கெல்வினில் போய் நிற்கும். −18 பாகை செல்சியஸ்! பூமியின் உண்மைச் சராசரி 15 பாகைக்குக் கிட்ட. இடையில் விழுந்த 33 பாகை, நீங்கள் இன்னும் எழுதாத பச்சைவீட்டு விளைவு, அதாவது வளிமண்டலம் பிடித்துவைக்கும் வெப்பம்.

இங்கே கொஞ்சம் நின்று விளையாடுங்கள். ஆழத்தை 1 மீற்றர் ஆக்கி, படியை ஒரு வருடமாகவே விட்டுப் பாருங்கள். முதல் அடியிலேயே வெப்பநிலை தனிப் பூச்சியத்துக்கும் கீழே பாயும், பிறகு எண்கள் வெடித்துச் சிதறும். இது பௌதிகத்தின் கோளாறு இல்லை. ஒரு மீற்றர் தண்ணீர் சில வாரங்களிலேயே தன் சமநிலைக்குத் திரும்பப் பார்க்கும். நீங்களோ வருடக்கணக்கில் தாவுகிறீர்கள். படியைச் சில நாளாகக் குறைத்தால் அடங்கிவிடும். பெரிய மொடல்களை எழுதுகிறவர்களும் காலப்படியோடு இப்படித்தான் மல்லுக்கட்டுகிறார்கள்.

பிறகு வளிமண்டலம். வெயிலை உள்ளே விட்டு, நிலத்தின் வெப்பத்தை முழுதாக உறிஞ்சி, மேலும் கீழும் சமமாக விடும் ஒரு படலத்தைச் சேர்த்தால் நிலம் 30 பாகைக்கு ஏறும். “எங்கட வெயிலுக்குச் சரியாத்தானே வருது, சேர்” என்று ஒரு பிள்ளை சந்தோஷப்பட்டது. அந்த 30 துருவத்தையும் சேர்த்த உலகச் சராசரி. யாழ்ப்பாணத்தோடு பொருந்தியது தற்செயல். படலத்தை எடுத்துவிட்டுச் செலவை 61 சதவீதமாகக் குறைத்தால் 15 பாகை வரும். ஆனால் அந்த 61ஐ நாங்களே பார்த்துப் பொருத்தினோம், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

உண்மையான பரீட்சை அடுத்தது. காபனீரொட்சைட்டை 280 பிபிஎம்மில் (பத்து இலட்சத்தில் 280 பங்கு) இருந்து இரட்டிப்பாக்கினால் செலவு ஏறத்தாழ 3.7 வாற்று குறையும். ஓடவிட முன் விடையைக் கடதாசியில் போட்டுப் பாருங்கள், இதை மட்டும் தவறவிட வேண்டாம். ஒரு பாகைக்குச் சற்று மேலே வரும். ஐநாவின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கை சொல்வதோ 3 பாகை, பெரும்பாலும் 2.5க்கும் 4க்கும் இடையில். மிச்சம் எங்கே? சூடானால் காற்றில் நீராவி கூடும், பனி உருகும், முகில் மாறும். உங்கள் மொடலில் இவை ஒன்றும் இல்லை. 1896இல் சுவீடன் விஞ்ஞானி ஆர்ஹீனியஸ் நீராவியையும் சேர்த்து இதைக் கையாலேயே கணக்குப் போட்டார், பாவம் மனிதன். 1967இல் காலநிலை விஞ்ஞானிகள் மனாபேயும் வெதரால்டும் காற்றுத் தூண் ஒன்றைக் கணினியில் வைத்துச் செய்தார்கள். மனாபேக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன்பின் பூமியை அகலக்கோட்டுப் பட்டிகளாக வெட்டுங்கள். −10 பாகைக்குக் கீழே போன பட்டிக்குப் பனி போட்டு, திருப்பி அனுப்பும் பங்கை 0.6 ஆக்குங்கள். புடிகோ, செல்லர்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் 1969இல் தனித்தனியே செய்த வேலை இது. வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் ஒரு கட்டத்தில் பூமி முழுதும் உறைந்துவிடும். வெயிலைப் பழைய அளவுக்குத் திருப்பினாலும் உருகாது. ஏன் என்று யோசித்தால் ஒரு இரவு நித்திரை போகும்.

லப்டொப் இல்லையென்றால் பிரவுசருக்குள்ளேயே பைதன் ஓடும் கூகுள் கோலாபில் போனிலேயே ஓட்டலாம், விரல்தான் நோகும்.

யாழ்ப்பாணத்தை ஏன் மறக்கச் சொன்னேன் என்றால், இந்த மொடலில் காற்றே இல்லை. வாடையும் இல்லை, சோளகமும் இல்லை. எங்கள் மாரி மழை வடகீழ்ப் பருவக்காற்றோடும் வங்கக் கடல் தாழமுக்கங்களோடும் வருவது. உலக மொடல்களிலேயே ஒரு கட்டம் பெரும்பாலும் 100 கிலோமீற்றர் அகலம். குடாநாடு முழுக்க அதற்குள் அடங்கி, மீதி இடத்தில் பெரும்பகுதி கடலாகிவிடும். மழைதான் வேண்டுமென்றால் ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரையான மழைவீழ்ச்சித் தரவை எடுத்து ஆராயுங்கள். அது புள்ளிவிபரவியல், வேறு வேலை, வேறு கோப்பு. பனிப் பட்டி வரை வந்துவிட்டால் இங்கேயே எழுதுங்கள், காற்றைச் சேர்ப்பது பற்றிச் சொல்கிறேன்.