ஒளிபுகும் படங்களை அடுக்கும்போது ஓரத்தில் கருமை படிவது ஏன்?

பின்னணி நீக்கிய பிஎன்ஜி படம் ஒன்றைச் சொந்த நிரலால் பாதியாகச் சிறிதாக்கி வெள்ளைப் படத்தின் மேல் வைத்தால், கலக்கும் சூத்திரம் சரியாக இருந்தும் உருவத்தைச் சுற்றிக் கருமையான ஓரம் ஏன் தெரிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சூத்திரத்தில் உண்மையிலேயே பிழை இல்லை. அதற்கு முந்தைய படியில், படத்தைச் சிறிதாக்கும் இடத்திலேயே பிழை நேர்ந்துவிடுகிறது.

ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றோடு, தனக்குக் கீழே உள்ளதை அது எவ்வளவு மறைக்கிறது என்பதைக் குறிக்கும் ஆல்பா என்ற நான்காவது எண்ணும் உண்டு (0 என்றால் முழுவதும் ஒளிபுகும், 255 என்றால் முழுவதும் மறைக்கும்). பிஎன்ஜி வடிவம் நிற எண்களை ஆல்பாவால் பெருக்காமல் அப்படியே சேமிப்பதால், ஆல்பா 0 ஆக உள்ள பிக்சலிலும் ஏதோ ஒரு நிறம் எழுதப்பட்டிருக்கும்; பல சமயம் அது கறுப்பு. கண்ணுக்கு எட்டாத அந்தக் கறுப்பையும் உங்கள் சராசரிக் கணக்கு சேர்த்துக்கொள்கிறது. முழுச் சிவப்பான ஒரு பிக்சலையும் (255, 0, 0, ஆல்பா 255), நான்கு எண்களும் 0 ஆன பக்கத்துப் பிக்சலையும் சராசரி எடுத்தால், சிவப்பு 128, ஆல்பா 128 என்று கிடைக்கும். இதை வெள்ளையின் மேல் கலக்கும்போது, சிவப்பு 255 ஆக இருக்க வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 191 தான் வருகிறது. நீங்கள் காணும் கருமை இதுதான்.

தீர்வு எளியது: நிற எண்களை முதலிலேயே ஆல்பாவால் பெருக்கி வைத்துக்கொண்டு, அதன் பிறகே அளவை மாற்றுங்கள். அப்போது கலக்கும் விதியும் சுருங்கிவிடுகிறது. ஆல்பாவை 0 முதல் 1 வரையிலான எண்ணாகக் கொண்டால், மேல் படத்தின் நிறத்தோடு, கீழ்ப் படத்தின் நிறத்தை ஒன்றிலிருந்து மேல் ஆல்பாவைக் கழித்த எண்ணால் பெருக்கிக் கூட்டினால் போதும். ஆல்பாவுக்கும் இதே கணக்குத்தான். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் சிவப்பு பிசகாமல் 255 ஆக வரும். தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை இந்த முன்பெருக்க முறையையே அடிப்படையாகக் கொண்டது. இதில் எனக்கு மிகவும் பிடித்த பண்பு ஒன்று உண்டு: படங்களின் வரிசையை மாற்றாத வரை, மேலுள்ள இரண்டை முதலில் கலந்து அந்த விளைவைப் பின்னணியின் மேல் வைத்தாலும், கீழிருந்து ஒவ்வொன்றாக அடுக்கினாலும் விடை ஒன்றே. மாறாத அடுக்குகளை ஒருமுறை கலந்து சேமித்துவைக்க முடிவது இதனால்தான்.

பைத்தான் நிரல்மொழியில் படங்களைக் கையாள உதவும் பில்லோ நூலகம் அளவு மாற்றும்போது இந்தப் பெருக்கலை உள்ளுக்குள் தானே செய்துவிடுகிறது. ஆனால் அதன் பேஸ்ட் செயல்பாட்டில் எச்சரிக்கை தேவை. எந்த இடத்தில் எவ்வளவு ஒட்ட வேண்டும் என்று சொல்லும் மறைப்பாக மேல் படத்தையே கொடுத்து, ஆல்பா உள்ள பின்னணியில் ஒட்டினால், அது ஆல்பா எண்களையும் நிறங்களைப் போலவே கலந்துவிடும். ஆல்பா 255 ஆன பின்னணியின் மேல் 128 ஆன படத்தை ஒட்டினால், விளைவின் ஆல்பா 191 ஆகக் குறைந்து, முழுமையாக மறைத்த பின்னணி அந்த இடத்தில் ஒளிபுகத் தொடங்குகிறது. ஆல்பா காம்போசிட் செயல்பாடு அதை 255 ஆகவே வைத்திருக்கும் என்பதால், அடுக்கும் வேலைக்கு அதையே பயன்படுத்துங்கள்.